எட்டு ஜி.பி. காற்று

ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்றால், அவருக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். மரக்காணத்தில் எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்.

ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வருகிறவர்களின் பெயரைத் தட்டுவேன், ரசீதை பிரிண்ட் எடுப்பேன். அத்துடன் என் கணினி ஞானம் முடிந்தது. (இதை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) அங்கே சிலர் ஒரு பையும் இரண்டு சட்டையுமாக மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் எளிமைப் பைத்தியம் பிடித்திருந்தது. என் பட்டுப்புடவைகளை விட மனம் வரவில்லை. அதனால் மற்றவர்களுடைய தேவைகளைக் குறைக்க ஆரம்பித்தேன்.

என் தங்கை கௌசல்யா சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, அப்பா அம்மாவோடு உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலெல்லாம் வெடிப்பு. அந்தக் கோடையில் சென்னைக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடும் வேலைக்கு அவளைத் தேர்வுக்கு அழைத்தது. அது கிடைத்தால் அவள் மறுபடி உப்பில் கால் வைக்க வேண்டாம். அப்பா லேப்டாப்புக்குப் பணத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, "அவ கேக்கறத வாங்கிக் குடும்மா" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது.

பாண்டிச்சேரி கடையில் கௌசி என் காதருகே வந்தாள்.

"அக்கா, லேப்டாப்ல ராம் பதினாறு ஜி.பி. வேணும்னு கம்பெனிலயே மெயில்ல போட்டிருக்காங்க."

"அவங்களுக்கென்ன, போடுவாங்க. வாங்கறது நாம தானே?"

கடைக்காரர் குறுக்கிட்டார். "மேடம், பில்டிங் டிராயிங்னா எட்டு பத்தாதுங்க. இந்த மாடல்ல அப்புறமா ஏத்தவும் முடியாது."

விற்கிறவர் அதிகம் வாங்கச் சொன்னால் குறைத்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கொள்கை. (புடவைக் கடையில் பலித்திருக்கிறது.) "தேவை வேற, ஆசை வேற கௌசி" என்றேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. அவள் தலை குனிந்துகொண்டாள். எட்டு ஜி.பி.யே வாங்கினோம். குறைத்த எட்டு ஜி.பி.யில் மிச்சமான பணத்தில் வீட்டுக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கினேன். பஸ் கோட்டக்குப்பம் தாண்டும்வரை என் நிர்வாகத் திறமையை எனக்கு நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

தேர்வு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. கம்பெனிக்காரர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மாடி வீட்டை முழுதாக வரைய வேண்டும். அப்பாவும் அம்மாவும் உப்பளத்திலிருந்து சீக்கிரமே வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். பதினொன்றரைக்கெல்லாம் கீழ்த்தளம் எழும்பி நின்றது. மாடிப்படி போடத் தொடங்கினாள். திரை அப்படியே நின்றது.

"அக்கா, நவுர மாட்டேங்குது."

"சூடாயிடுச்சு" என்றேன், டாக்டர் மாதிரி. புது ஃபேனைத் தூக்கி வந்து லேப்டாப்புக்கு நேராக வைத்தேன். அவள் குறித்து வைத்திருந்த அளவுத் தாள்கள் பறந்தன. திரை அசையவில்லை.

"கொஞ்சம் பொறுக்கா, தானா வந்துடும்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்."

"வேணாங்க்கா, இன்னும் சேவ் பண்ணல..."

அவள் முடிப்பதற்குள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டேன். (விடுதியில் பிரிண்டருக்கு இது கேட்கும்.)

மறுபடி திரை வந்தபோது வீடு இல்லை. கோடையில் திடீர் மழை பெய்து, பாத்தியில் விளைந்த உப்பு கரையும்போது அப்பா வரப்பில் நின்று பார்ப்பார். யாரையும் திட்ட மாட்டார். அன்று லேப்டாப்பை அப்படித்தான் பார்த்தார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "மொதல்லேந்து போட்ற முடியுமாம்மா?" என்று அவளிடம் மட்டும் கேட்டார். அவள் போட்டாள். ஒரு மணிக்குக் கம்பெனிக்காரர் நன்றி சொல்லும்போது, வீடு ஜன்னல் உயரத்தில் நின்றிருந்தது.

வேலை கிடைக்கவில்லை. மறுநாள் விடியற்காலை கௌசி உப்பளத்துக்குக் கிளம்பினாள். நான் விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே போனேன். கூடையைத் தூக்கிப் பத்து நடை நடப்பதற்குள் என் கால் எரிந்தது. எளிமை என்றால் என்னவென்று அங்கே புரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் உப்பளத்திலிருந்து வந்து, காலைக் கழுவிவிட்டுத் தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் ஃபேன் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, அந்த எட்டு ஜி.பி.ய இந்தப் பக்கம் திருப்பு."

முதலில் அம்மாதான் சிரித்தாள். பிறகு அப்பா. கௌசியும் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது அவளுக்குத் திண்டிவனத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வேலை. சொந்தச் சம்பளத்தில் முப்பத்திரண்டு ஜி.பி. லேப்டாப் வாங்கிவிட்டாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை. போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "தம்பிக்கு வேர்க்குது பாரு, அந்த எட்டு ஜி.பி.யப் போடு" என்றாள் அம்மா. மாப்பிள்ளைப் பையன் சுற்றுமுற்றும் பார்த்து, "எதுங்க எட்டு ஜி.பி.?" என்று கேட்டான். வீடே என்னைப் பார்த்தது. நான் எழுந்துபோய் ஃபேனை அவன் பக்கம் திருப்பிவைத்தேன். அதற்கு அந்தப் பெயர் வந்த நாள் முதல் யாருக்கு வேர்த்தாலும், அதைத் திருப்புவது என் வேலை.