ஆறு ஸ்வரச் சம்பந்தம்

இட்லித் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு லலிதா நின்றாள். கணவர் ரவிசந்திரன் அடுத்த இட்லியை ஹாங்காங் பாஷையான கான்டனீஸில் கேட்காதவரை அவள் பரிமாறுவதாக இல்லை.

"ம்கோய்னு சொல்லுங்க. ஓட்டல்ல சர்வரைக் கூப்பிடற வார்த்தை அதுதான்."

"என்ற வீட்ல இட்லி திங்கறதுக்கு நான் எதுக்குச் சர்வரைக் கூப்பிடணும்?"

"இப்ப இது வீடு இல்லைங்க. ஆறாம் பாடம். ஓட்டல்."

ரவிசந்திரன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். வாகட் சௌக்கில் வடா பாவ் போடுகிறவன் எந்தப் பாஷையில் கேட்டாலும் தருவான், கேட்காவிட்டாலும் தருவான் என்று சொல்லியபடி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். லலிதாவுக்குக் கோபம் வரவில்லை. ஓட்டலில் வாடிக்கையாளர் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினால் என்ன சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள்.

எல்லாம் ஷ்யாம் ஹாங்காங்கிலிருந்து செய்த ஒரு போனில் ஆரம்பித்தது. அங்கே வங்கியில் வேலை பார்க்கும் மகன், கூட வேலை பார்க்கும் கா யான் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். லலிதா ஒரு சாயங்காலம் முழுக்க அழுதாள். மறுநாள் வீடியோ காலில் அந்தப் பெண் பருப்புப் பொடிச் சாதத்தைக் கையால் பிசைந்து, மூக்கு நுனியில் பொடியோடு சிரித்ததைப் பார்த்தாள். அத்தோடு அழுகை நின்றுவிட்டது.

சிக்கல் பெண்ணின் அம்மாவிடம் இருந்தது.

"அவங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதும்மா," என்றான் ஷ்யாம். "பேசப் பாஷை இல்லாத வீட்ல பொண்ணை எப்படிக் குடுக்கறதுன்னு யோசிக்கறாங்க. புனேவுக்கு வந்து உங்களைப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம்."

அந்தத் தாயின் பயம் லலிதாவுக்கு நன்றாகவே புரிந்தது. கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகிப் புனேவுக்கு வந்த புதிதில், உப்பு வாங்கப் போய், கேட்கத் தெரியாமல் சோப்பு வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். முப்பது வருஷமாகியும் அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டுதான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள். மராத்தி பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. யாராவது மராத்தியில் பேசினால் சிரித்துக்கொண்டே லிஃப்ட்டுக்குள் போய்விடுவாள்.

ஆனால் இது மகனின் வாழ்க்கை. 'அந்தம்மா வாசல்படி ஏறும்போது அவங்க பாஷையிலேயே வாங்கன்னு கூப்பிடுவேன்' என்று தீர்மானம் செய்தாள். ஷ்யாமிடம் மூச்சு விடக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். மகள் வைஷு, அன்றாடச் சூழ்நிலைகளில் பேசப் பழக்கும் கான்டனீஸ் பாடம் ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்தாள். காய்கறிச் சந்தை, மினி பஸ், ஓட்டல், மழை, டாக்டர் என்று ஒவ்வொரு பாடமும் ஒரு சூழ்நிலை. சொன்னது சரியாக இருந்தால் போன் பச்சை விளக்கு காட்டும். தப்பாக இருந்தால் சிவப்பு.

போன் சிவப்பைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை.

"அம்மா, அந்த பாஷைல ஆறு டோன் இருக்கு," என்றாள் வைஷு. புனேவிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்குத் தமிழே கல் தடுக்கித்தான் வரும். "வேர்டு சேம்தான். டோன் மாறிச்சுன்னா மீனிங் ஏக்தம் வேற."

லலிதாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆறுதானா? நம்மகிட்ட ஸ்வரம் ஏழு இருக்குடி. ஒண்ணு மிச்சம்."

சின்ன வயதில் ஆர்.எஸ். புரத்தில் வர்ணம் வரைக்கும் பாட்டுக் கற்றவள் லலிதா. பரணிலிருந்து சுருதிப் பெட்டியை இறக்கினாள். முதல் டோனுக்குப் பஞ்சமம், இரண்டாவதுக்குக் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஏற்றம், நாலாவதுக்குக் கீழே இறங்கி ஷட்ஜம் என்று எல்லாவற்றையும் பொருத்திவிட்டாள். 'கேய் தோ ச்சின்' என்றால் என்ன விலை என்று அர்த்தம். அதை அவள் பாடியபோது, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரவிசந்திரன் தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டார்.

போன் மட்டும் சிவப்பே காட்டியது. காரணம் வைஷுவுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு எந்த ஸ்வரத்தையும் ஆடாமல் அசையாமல் நிறுத்த வரவில்லை. காந்தாரம் என்று ஒன்று வந்தால் அதை அசைத்துக் குழைத்துத்தான் விடுவாள். மகள் இதை இந்தியிலும் இங்கிலீஷிலும் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"போனுக்குச் சங்கீத ஞானம் இல்லை," என்று லலிதா தீர்ப்புச் சொன்னாள். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு இரண்டையும் அணைத்து வைக்கச் செய்தாள். அதற்கப்புறம் பாடங்கள் மளமளவென்று நகர்ந்தன.

மினி பஸ் பாடத்துக்கு வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஹாங்காங்கில் சின்ன பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டுமானால், 'யௌ லோக்' என்று வாய்விட்டுக் குரல் கொடுக்க வேண்டுமாம். சூழ்நிலையில்தான் பாஷை ஒட்டும் என்று பாடத்திலேயே சொல்லியிருந்ததால், அன்றே டாங்கே சௌக் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். தன் நிறுத்தம் வந்ததும் எழுந்து, கீழ் ரிஷபத்தில் எடுத்து ஷட்ஜத்தில் இறக்கி, "யௌ லோக்" என்று பாடினாள்.

டிரைவர் பிரேக் அடித்துவிட்டார். இந்தம்மாவுக்கு நெஞ்சுவலி என்று கண்டக்டர் நினைத்துவிட்டார். இரண்டு பெண்கள் பிடித்து உட்கார வைத்துப் புடவைத் தலைப்பால் விசிறினார்கள். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்டக்டர் மராத்தியில் அக்கறையாக ஏதோ கேட்க, பதற்றத்தில் அவளுக்கு வாயில் வந்தது "ம்கோய்" ஒன்றுதான். பேச்சும் குழறுகிறது என்று முடிவு செய்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து ஏற்றினார்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகுதான் அவளை வீட்டுக்கு விட்டார்கள்.

"டாக்டர் பாடமும் சேர்ந்து முடிஞ்சுது," என்றாள் வீட்டுக்கு வந்து, சந்தோஷமாக.

அடுத்த தொல்லை மாடியிலிருந்து இறங்கி வந்தது. மேல் வீட்டு ப்ரீத்தி, சென்னைப் பெண், ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை. தினமும் சுருதிப் பெட்டிச் சத்தம் கேட்டு, ஆன்ட்டி பாட்டு வகுப்பு எடுக்கிறார்கள் என்று நினைத்துத் தன் நான்கு வயது மகள் மீனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இல்லை என்று சொன்னால் பின்னே என்ன சத்தம் என்று கேட்பாள். சம்பந்தம் நிச்சயமாகும் முன் விஷயம் அடுக்குமாடி முழுக்கப் பரவிவிடும். லலிதா குழந்தையைச் சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்கு இருந்ததோ குறைந்த நேரம். ஆகவே ஸரளி வரிசைக்குப் பதிலாகக் குழந்தைக்கும் காய்கறிச் சந்தைப் பாடமே நடந்தது. என்ன விலை, அடேயப்பா ரொம்ப ஜாஸ்தி, கொஞ்சம் குறைச்சுக் குடுங்க. ஒரு வாரத்தில் மீனு அதை ஆதி தாளத்தில் தட்டிக்கொண்டு பாடினாள். இது எந்தப் பாஷைக் கீர்த்தனை என்று ப்ரீத்தி கேட்டதற்கு, ரொம்பப் பழைய பாட்டு, அர்த்தம் யாருக்கும் தெரியாது என்று லலிதா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவ்வளவு அபூர்வமான பாட்டா என்று ப்ரீத்தி போய் நாலு பேரிடம் சொல்ல, அடுத்த வாரம் இன்னும் மூன்று குழந்தைகள் வந்து சேர்ந்தன.

ஆனால் ஏழாம் பாடம் எல்லாத் தொல்லையையும் மறக்கடித்துவிட்டது. அந்த ஊரில் தெரிந்தவர்களைப் பார்த்தால் முதலில் சாப்பாடு ஆச்சா என்றுதான் கேட்பார்களாம். 'ஸிக் ஜோ ஃபான் மேய்?'

லலிதா போனைக் கையில் பிடித்தபடி கணவரைத் தேடி ஓடினாள். அவர் குளியலறையில் இருந்தார். கதவைத் தட்டினாள்.

"ஏங்க, அவங்களும் சாப்டாச்சான்னுதாங்க கேப்பாங்க. முதல் கேள்வியே அதுதானாம். நம்ம ஆளுங்கதாங்க அவங்க."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "சரி, இனிமேலாவது எனக்குச் சோறு கிடைக்குமா?" என்று குரல் வந்தது.

கிடைத்தது. ஆனால் அன்றிரவு சாப்பிடும்போது ரவிசந்திரன் யதார்த்தமாக ஒரு குண்டைப் போட்டார். "சந்தை, பஸ், மழை எல்லாம் சரி. சம்பந்தி வீட்டுக்கு வர்ற பாடம் எங்க? அந்தம்மா உள்ள வந்ததும் கத்திரிக்கா விலையா கேப்ப?"

லலிதா யோசித்தாள். பாடத்தில் வீடு இல்லை, வாஸ்தவம். அதனால் வீட்டையே பாடமாக்கிவிட்டாள். வாசலில் குடைகளை நிறுத்தி வைத்தாள். ஆனி மாதம், புனே மழை நிச்சயம், மழைப் பாடத்தை அங்கே ஒப்பித்துவிடலாம். சோபா முன்னால் டீக்கோப்பைகள், அது ஓட்டல் பாடம். சாப்பாட்டு மேஜையில் ஒரு கூடை நிறையக் கத்திரிக்காய், பீர்க்கங்காய். அவற்றைக் கையில் எடுத்தால்தான் அவளுக்குச் சந்தை வாக்கியங்கள் வாயில் வரும்.

அந்த நாளும் வந்தது. வைஷுவை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, லலிதா மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். மழை கொட்டியது. ஷ்யாம் போன் செய்தான்.

"அம்மா, ஒரு பெட்டி வரலை. நானும் கா யானும் வைஷுவும் இங்க கவுன்ட்டர்ல நிக்கறோம். ரொம்ப நேரமாகும் போல. அவ அப்பா அம்மா ரெண்டு பேரையும் கார்ல ஏத்தி அனுப்பிட்டேன். நாங்க வர்ற வரைக்கும் சமாளி. சிரிச்சுட்டே இரு, போதும்."

"நீ மெதுவா வாடா கண்ணு," என்றாள் லலிதா. அவள் குரலில் இருந்த குஷியைக் கேட்டு மறுமுனையில் ஷ்யாம் பயந்துபோனான்.

அதே நேரம் மாடிப் பக்கம் காலடிச் சத்தம். ப்ரீத்தி குழந்தைகளை வகுப்புக்கு இறக்கிவிட்டுப் போய்விட்டிருந்தாள். இன்றைக்கு லீவு என்று சொல்ல லலிதா மறந்தே போயிருந்தாள். மீனுவும் மற்ற மூவரும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக உட்காரவும், லிஃப்ட் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

முதலில் இரண்டு பெட்டிகளோடு கார் டிரைவர் வந்தார். இங்கே புனே கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆள்தான், பேர் அருண்ராஜ் என்று தானாகவே சொல்லிக்கொண்டார். பின்னால் குட்டையாக, வெள்ளைச் சட்டையில் ஒரு மனிதர். அவருக்குப் பின்னால், நனைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியபடி அந்தத் தாய். அந்த அம்மாளின் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன.

லலிதா அந்த விரல்களையே பார்த்தாள். உப்புக்குப் பதில் சோப்போடு கடையில் நின்ற பெண்ணின் கைகள் மாதிரியே இருந்தன அவை. ஒரு கணம் எல்லாப் பாடமும் மறந்துபோனது. பிறகு சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டாள்.

"ஸிக் ஜோ ஃபான் மேய்?" என்று, ஷட்ஜத்தில் தொடங்கி, நடுவில் காந்தாரத்தை நன்றாகக் குழைத்து, முகம் நிறையச் சிரிப்போடு பாடினாள்.

அந்த அம்மாளின் கண்கள் விரிந்தன. கைப்பை வாரை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

இது போதாதா லலிதாவுக்கு? குடைகளைக் காட்டி மழைப் பாடம் முழுக்கப் பாடினாள். சோபாவில் உட்கார வைத்துத் தேநீர்ப் பாடம் பாடினாள். ரவிசந்திரனும் ஆவேசம் வந்தவர்போல், யாரும் கேட்காமலே "ம்கோய், ம்கோய்" என்று கும்பிட்டார். லலிதா கத்திரிக்காயைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அதைச் சைகை என்று நினைத்துக் குழந்தைகள் நால்வரும் தொடையைத் தட்டி, என்ன விலை, அடேயப்பா ரொம்ப ஜாஸ்தி என்று கோஷ்டியாக எடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல்ஸ்தாயி போய் இறங்கி வந்தபோது அந்த மனிதர் எழுந்து நின்று கை தட்டினார். அவர் மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தைகள் கேசரியை வாங்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடிவிட்டன. வீடு அமைதியானது.

அந்த அம்மாள் லலிதாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைபோல ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டு, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, நீளமாக ஏதோ சொன்னாள். அவள் கணவரும் தலையாட்டி இரண்டு வரி சேர்த்துக்கொண்டார். லலிதாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருபதாம் பாடத்துக்கு மேலே உள்ள பேச்சாக இருக்கும் என்று நினைத்து, பலமாகத் தலையசைத்தாள். பாதகமில்லை. பிடித்த கையை அந்த அம்மாள் விடவில்லை. சம்பந்தம் முடிந்த மாதிரிதான். ரவிசந்திரனை வெற்றியோடு திரும்பிப் பார்த்தாள்.

வாசலோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அருண்ராஜ், சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணைக் குடுக்க முழு சம்மதம்னு சொல்றாங்கக்கா; ஆனா பூனா சம்பந்தமாச்சேன்னு அவங்க கஷ்டப்பட்டு மராட்டி கத்துக்கிட்டு வந்திருக்காங்களாம், நீங்க பாடுன தமிழ்தான் ஒரு வார்த்தை கூடப் புரியலையாம்."