கைமுட்டுக்கு இதமான மட்டை

தாலுகா கச்சேரிக் குமாஸ்தா சிவானந்தம் பிள்ளைக்குக் கைமுட்டு வலி வந்தது, சரியாக அது தேவைப்பட்ட நாளில்.

அதற்கு முந்தின நாள்தான் மச்சினன் சதாசிவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. மலையாளச் சீமையில் கிடக்கும் தமிழ்ப் பகுதியெல்லாம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று காஞ்சிரங்குளம் சந்தையில் ஒரு ஸ்டூல்மேல் ஏறிப் பேசினான். ஏறியது அவன். இறக்கியது போலீஸ். மனைவி உமையம்மாளுக்கு அவன் ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

அவள் புருஷனோ தினமும் மஜிஸ்திரேட்டோடு டென்னிஸ் ஆடுகிறவர். ஒரு வார்த்தை சொல்லி ஜாமீன் வாங்கித் தரச் சொன்னாள். அதற்கென்ன என்றார். ஆனால் கிளப்பில் ஒரு நடைமுறை உண்டு. ஆட்டம் முடிந்து மஜிஸ்திரேட் இளநீர் குடிக்கும்போது மட்டும்தான் சங்கதி சொல்லலாம். ஆடாதவனுக்கு இளநீர் இல்லை. இளநீர் இல்லாதவனுக்குச் சங்கதியும் இல்லை.

அன்று சாயங்காலம் சிவானந்தம் கைமுட்டைத் தடவிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"பந்து பட்டதும் முட்டுல சுருக்குனு இழுக்குடி. பாதியிலேயே வந்துட்டேன். இனி எப்படிக் கேக்க?"

வலி பாதி நிஜம். மீதிப் பாதி பயம். போராட்டக்காரனின் அத்தான் என்று தெரிந்தால் வேலையை மலைக்காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றாவிட்டாலும் அந்த இளநீர் போய்விடும்.

உமையம்மாள் மட்டையை வாங்கிப் பார்த்தாள். கிணற்றில் இறைத்தும் உரலில் இடித்தும் அதே முட்டு அவளுக்கும் பல வருஷமாக வலிக்கிறது. வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"பிடி சன்னமா இருக்கு. சன்னக் கயிறை இறுக்கிப் பிடிச்சாலே இந்த வலிதான் வரும்," என்றாள். பழைய மல்வேட்டியைக் கிழித்துக் கைப்பிடியில் மெத்தென்று சுற்றினாள்.

மறுநாள் மட்டையின் நரம்பின்மேல் பழி போட்டார். மிருதங்கம்போல முறுகிக் கிடக்கிறதாம், அடி முழுக்கக் கையில்தான் இறங்குகிறதாம். அவள் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போய் நரம்பைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்புறம் மழை ஈரத்தில் பந்து கனக்கிறது என்றார். பந்துகளை அடுப்படியில் வைத்துப் பூனைக்குட்டிகளைப்போல உலர்த்திக் கொடுத்தாள். அவள் வாதாடவே இல்லை. ஒவ்வொரு சாக்கையும் வாங்கிச் செப்பனிட்டு, திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

கடைசியில் சிவானந்தத்திடம் ஒரு வலியும் மிச்சமில்லை.

அன்றைக்கு இளவட்டம்போல ஆடினார். இளநீர் வந்தது. மஜிஸ்திரேட் உறிஞ்சி முடித்து, மீசையைத் துடைத்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தா பிள்ளே, ஒந்நும் பறயானில்லே?"

சொல்ல ஒன்றுமில்லையா என்று அவராகவே கேட்கிறார். சிவானந்தம் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மட்டை நல்லதாணு ஏமானே," என்றார்.

சைக்கிளில் திரும்பும் வழியெல்லாம் பொய்யைக் கட்டி முடித்தார். நல்ல பொய். வீட்டு நடையில் கால் வைத்ததும் அவிழ்த்துவிட்டார்.

"நான் விடல்ல, கேட்டியா. 'ஏமானே, அவன் என் மச்சினனாக்கும்'னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். அவரு எழும்பி வந்து தோளைத் தட்டி..." இந்த இடத்தில் சிவானந்தம் மஜிஸ்திரேட்டாகவே மாறி, தொண்டையைச் செருமி, அடிவயிற்றிலிருந்து பேசினார். "'பிள்ளே, வெள்ளிக்கிழமை விட்டுருவோம்'னாரு."

உமையம்மாள் முழுவதையும் கேட்டாள்.

"சத்தத்தைக் குறைங்க. அவன் இப்பதான் உறங்குனான்."

உள்ளறைப் பாயில் சதாசிவன் கிடந்தான். வலது கையில் தோளிலிருந்து மணிக்கட்டுவரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. உறக்கத்திலும் முனகினான்.

அன்று காலையில் அவளே மஜிஸ்திரேட் வீட்டு அடுக்களை வாசலில் போய் நின்றாளாம். அவர் வெளியே வந்து கேட்டுவிட்டு, ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட்டாராம். பிள்ளை ஒரு வாக்கு சொல்லியிருந்தால் பிடித்த அன்றைக்கே விட்டிருப்பேனே என்றாராம்.

"கை எப்ப ஒடிஞ்சுது?" என்று கேட்டார் சிவானந்தம்.

"முந்தாநேத்து ராத்திரி. லாக்கப்புல."

உமையம்மாள் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"நாளையிலேருந்து நீங்க நிம்மதியா விளையாடுங்க. யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கண்டாம்."