விசாரணை அண்ணன் இறங்கிய வீடுகள்

அடுத்தவர் நலத்தில் விசாரணை அண்ணனுக்கு இருந்த அக்கறை காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே வேறு எவருக்கும் இருந்ததில்லை. எங்கள் கிராமத்திலிருந்து உத்திரமேரூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பாதி வழியில் யார் வீட்டு வாசலிலாவது வண்டியை ஓரங்கட்டி, "தோ, வாத்தியாருக்கு முட்டி எப்டி கீதுன்னு கேட்டுக்கினு வந்துடறேன்" என்று இறங்கிவிடுவார். நாங்கள் உள்ளே புழுங்கிக்கொண்டு கிடப்போம்.

அவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே தொப்பை ஒன்று நிரந்தரப் பயணியாக உட்கார்ந்திருக்கும். அதை இறக்கி ஏற்றுவதற்குள் ஆபீசில் என் பெயருக்கு நேரே சிவப்பு மை விழுந்துவிடும்.

"நைனா, பூவெல்லாம் வாடுது! வூடு வூடா விசாரிக்க நீ இன்னா கலெக்டரா?" என்று பூக்காரம்மா கத்துவாள்.

"மன்சனுக்கு மன்சன் விசாரிக்கலன்னா ஊரு இன்னாத்துக்கும்மா?" என்பார்.

ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. நான் டைபாய்டில் படுத்துக் கிடந்தபோது இந்த மகான் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தீமிதி அன்று குட்டு உடைந்தது. ஊரே திரௌபதி அம்மன் கோயில் திடலில் இருந்தது. முட்டி வலிக்காரர்களைக்கூட வேன் வைத்து ஏற்றிப் போயிருந்தார்கள். வண்டியில் நானும் அவரும் மட்டும். வாத்தியார் வீடு பூட்டு. இடுப்பு உடைந்த பச்சையம்மா வீடும் பூட்டு. அண்ணன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிந்தார்.

"ஒண்ணுக்கா? தோ, புதர் கீதே, போய்ட்டு வா அண்ணே."

"நின்னா ஆவாது சார், பேண்ட்டெல்லாம் நனையுது. குந்துனா எயுந்துக்க முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட் கீற வூடுதான் நமக்கு."

முட்டி போனவர்கள், இடுப்பு உடைந்தவர்கள் வீட்டில்தானே எங்கள் ஊரில் அது இருக்கும்! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. திரும்பினால், அந்தப் பெரிய உடம்பு குலுங்கி அழுதுகொண்டிருந்தது.

"தொப்பைக்குள்ள பொதஞ்சி பூட்ச்சு சார். கண்ணால பாத்து வருசமாவுது. அடிக்கடி புண்ணு, ஜொரம். சம்சாரத்தாண்ட மூஞ்சி குடுத்தே பேசறதில்ல. ஒரேயடியா இல்லாம பூடுமோன்னு பேஜாரா கீது."

பல்லைக் கடித்துக்கொண்டு உத்திரமேரூர் வரை ஓட்டினார். ஒரு கிளினிக் டாய்லெட் அவர் மானத்தைக் காத்தது. மறுநாள் நானே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

"ஆண்குறி எங்கேயும் போகலை. கொழுப்பும் தழும்பான தோலும் மூடியிருக்கு. அதை எடுத்துட்டு, தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டணும். உங்களை மாதிரி நிறைய பேர் வெளியே சொல்லாம இருக்காங்க" என்றார் டாக்டர்.

அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ... கீதா டாக்டர்?"

"கீது" என்றார் டாக்டர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கு முதலில் வந்தவர்கள் யார் தெரியுமா? கைத்தடியோடு வாத்தியாரும், வாக்கரோடு பச்சையம்மாவும்.

"எங்களத் தேடி வந்த ஒரே ஆளு நீ. ஒன்ன நாங்க பாக்க வாணாமா? ஆமா, எங்கப்பா ஆபரேசன்?" என்றாள் பச்சையம்மா.

அண்ணன் போர்வையைக் கழுத்து வரை இழுத்து, "வவுத்துல" என்றார்.

உடம்பு இளைத்து, காயம் ஆறி மறுபடி ஆட்டோ ஓட்ட வந்த அன்று புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திப் போனவர், தேரை நிலைக்குக் கொண்டு சேர்த்த முகத்தோடு திரும்பினார். அன்று ஆபீசுக்கு நேரத்தோடு போனேன். ஹெட் கிளார்க் பயந்துவிட்டார். மறுநாள் புளியமரத்தடிக்குப் போய்வந்த பிறகும் வண்டி வாத்தியார் வாசலில் நின்றது.

"இப்பத்தானே அண்ணே மரத்தாண்ட போய்ட்டு வந்தே?"

"அதுக்கு இல்ல சார். முட்டி எப்டி கீதுன்னு கேக்க வாணாமா?"

போன வாரம் எனக்குக் காய்ச்சல். காலையில் வாசலில் ஆட்டோ சத்தம், கூடவே பூக்காரம்மாவின் திட்டு. "சாருக்கு எப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார் அண்ணன்.

எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கிடையாது.