நூற்றிருபது மைல் முத்திரை

இளவெயில் நாடு என்று ஒரு நாடு. எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை விரித்துத் தேடாதீர்கள். அந்த நாட்டு நில அளவைத் துறையே இன்னும் அதை வரைந்து முடிக்கவில்லை. பாதி நாடு மலையடிவாரத்தில் வெயிலில் காய்ந்தது. மறுபாதி மலைமேல் பனியில் நடுங்கியது. தலைநகரம், அரண்மனை, அமைச்சரவை எல்லாம் அடிவாரத்தில். மன்னரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த மறுவாரமே அவருக்குத் தான் பரம்பரை மன்னர் என்ற நினைப்பு வந்துவிடும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசு முத்திரை விழுந்த எதுவும் தவறாகாது. முத்திரை ஒன்றைச் சொல்லி உலகம் வேறொன்றைச் செய்தால், நோட்டீஸ் உலகத்துக்குத்தான் போகும். ஒருமுறை ஓர் ஏரி கோடையிலும் நிரம்பியிருக்கும் என்று முத்திரை விழுந்துவிட்டது. ஏரி வற்றியது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரச் சொல்லி ஏரிக்கரை மரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏரி வாயே திறக்கவில்லை. ஆகவே அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக் கோப்பை மூடினார்கள்.

நல்ல காரியமே நடக்காத நாடு என்று நினைத்துவிடாதீர்கள். மின்சார வண்டி வந்தது அப்படி ஒரு நல்ல காரியம். புகை கிடையாது, இரைச்சல் கிடையாது. மலை ஏறும்போது பயணிகள் இருமவில்லை. மக்கள் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். போக்குவரத்துப் பேரமைச்சர் கலிங்கராயர் தாமே ஒரு வண்டியில் ஏறி, சித்திரை மாதத்தில், அரண்மனையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான வட்டச்சாலையில் நாள் முழுக்கச் சுற்றினார். வண்டி நூற்றிருபது மைல் ஓடியது. அன்று மாலையே எல்லா வண்டிக் கதவிலும் "நூற்றிருபது மைல்" என்று சிங்கமுத்திரை குத்தினார்கள். பழைய டீசல் வண்டிகள் ஒரே வாரத்தில் காயலான் கடைக்குப் போயின.

மலையுச்சியில் உறைபாடி என்ற ஊர். அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டியவள் பவளக்கொடி. பன்னிரண்டு வருட சர்வீஸ். செவ்வாயும் வெள்ளியும் அவள் தவறாமல் ஏற்றிக்கொண்டு போகும் நோயாளி சடையன். முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், வாய் ஓயாத மனுஷன். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. மலைப்பாதையில் அறுபது மைல் போனால் தலைமேட்டு ஆஸ்பத்திரி. அங்கே நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மார்கழி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ் ஐம்பத்தைந்தாம் மைலில் அப்படியே நின்றுவிட்டது. குளிரில் பேட்டரி பாதி பலம் இழந்திருந்தது. உள்ளே நோயாளிக்காகப் போட்ட ஹீட்டர் மீதியைக் குடித்திருந்தது. கடைசி ஐந்து மைலைச் சடையன் மாட்டுவண்டியில் போனார். பவளக்கொடி நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். திரும்பி வந்தது நோட்டீஸ். விசாரணைக்குத் தலைநகரம் போனாள்.

கலிங்கராயர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "பெண்ணே, இவ்வாகனம் நூற்றிருபது மைல் ஓடும். நீ ஐம்பத்தைந்து மைல் மட்டுமே ஓட்டியிருக்கிறாய். எஞ்சிய அறுபத்தைந்து மைலை எங்கே வைத்திருக்கிறாய்?"

"நான் எங்கய்யா வெப்பேன்? குளிருக்கு பேட்டரி தாங்கலீங்க. ஹீட்டரப் போட்டா இன்னும் சீக்கிரம் எறங்குது."

"ஹீட்டரா? சோதனையின்போது நாம் ஹீட்டர் போடவே இல்லையே!"

"சித்திரை வெயில்ல யாருய்யா ஹீட்டர் போடுவா?"

அமைச்சர் செயலரைப் பார்த்தார். செயலர் எழுதிக்கொண்டார். மறுநாளே ஆணை பிறந்தது: சோதனையில் இல்லாத எந்தச் சாதனத்தையும் வண்டியில் இயக்கக் கூடாது. ஹீட்டர் சட்டவிரோதமானது. அடுத்த முறை வண்டி அறுபதாம் மைலைத் தொட்டும் தொடாமலும் போய்ச் சேர்ந்தது. சடையன் மூன்று கம்பளிக்குள் விறைத்துப்போய்ச் சேர்ந்தார். நர்ஸ் அவர் கையில் ஊசி குத்த நரம்பைத் தேடி அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படியும் மற்ற ஊர்களில் வண்டிகள் வழியில் நின்றுகொண்டேதான் இருந்தன. கதவுகள் உறைந்து திறக்க மறுத்தன. சார்ஜ் ஏற்றுவதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. புகார்கள் குவிந்தன. அமைச்சரவை மூன்று நாள் கூடி யோசித்தது. முத்திரையை மாற்ற முடியாது, குளிரையும் மாற்ற முடியாது. மைலை மாற்றலாமே என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னார். இனி ஒரு மைல் என்பது பழைய மைலில் பாதி என்று அறிவித்தார்கள். ஊர் ஊராக ஆட்கள் போய் மைல்கற்களைப் பிடுங்கி நெருக்கி நட்டார்கள். எல்லா வண்டிகளும் ஏறக்குறைய நூற்றிருபது மைல் ஓடத் தொடங்கின. தலைநகரில் பட்டாசு வெடித்தார்கள்.

ஆனால் தலைமேட்டு ஆஸ்பத்திரி இப்போது உறைபாடியிலிருந்து நூற்றிருபது மைல் தள்ளிப் போய்விட்டது. நூறு மைலுக்கு மேல் போகும் ஆம்புலன்ஸ் ஒவ்வொரு முறையும் தலைநகரில் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. சடையனுக்கு வாரம் இரண்டு அனுமதி தேவைப்பட்டது. தபால் வாரம் ஒன்றுதான் வந்தது.

"அடேங்கப்பா, நான் படுத்துக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரி மட்டும் நடந்து போயிருச்சு பாரேன்" என்றார் சடையன். சிரிக்கத்தான் சொன்னார். பவளக்கொடிக்கு அழுகைதான் வந்தது.

அழுதுகொண்டே சும்மா இருக்கிற ஜாதி இல்லை அவள். ஒருநாள் உறைபனி பலமாக விழும் என்று தெரிந்து, ஆம்புலன்ஸைப் பால் சங்கத்தின் எருமைத் தொழுவத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, அங்கேயே சார்ஜில் போட்டிருந்தாள். இருபது எருமைகள் மூச்சுவிடும் தொழுவம், கதகதவென்று இருந்தது. காலையில் கதவு பட்டென்று திறந்தது. சார்ஜ் குறையாமல் நின்றது. வயரைப் பிடுங்கும் முன்பே ஹீட்டரைப் போட்டு வண்டியைச் சூடாக்கிக்கொண்டால், வழியில் அது தேவைப்படாமல் ஒரு கம்பளியே போதும் என்பதையும் கண்டுபிடித்தாள். பிறகு பாதிவழியில் எருமை வளர்க்கும் மாதனிடம் பேசினாள். அவன் தொழுவத்திலும் ஒரு சார்ஜர் வைத்தார்கள். வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். அந்த வழியே போகும் ஒவ்வொரு டிரைவரும் அன்றைக்கு எவ்வளவு குளிர், வண்டி நிஜமாக எத்தனை மைல் ஓடியது என்று சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள். அதைப் படித்து அடுத்தவர் கணக்காகப் புறப்படுவார். இரண்டு வாரம் ஒரு வண்டியும் வழியில் நிற்கவில்லை.

நிற்காத வண்டியைப் பற்றித் தலைநகருக்கு எப்படித்தான் தெரிந்ததோ! மாதனுக்கு நோட்டீஸ் வந்தது. முத்திரை இல்லாத இடத்தில் சார்ஜ் ஏற்றுவது ராஜத்துரோகம். மறுபடி ஏற்றினால் எருமைகள் பறிமுதல். முத்திரை வேண்டுமென்றால் பேரமைச்சர் நேரில் வந்து குத்த வேண்டும். பேரமைச்சருக்குச் சித்திரையில்தான் நேரம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அனுமதிக் கடிதமும் வரவில்லை. சடையன் ஆஸ்பத்திரி போகவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மன்னருக்குப் பிறந்தநாள் வந்தது. "நூற்றிருபது மைல் பெருவிழா"வைத் தலைமேட்டில் நடத்தும்படி கட்டளையிட்டார். கலிங்கராயர் மலையேறி வந்து, திங்கட்கிழமை உறைபாடி விருந்தினர் மாளிகையில் தங்கினார். செவ்வாய் காலை அவருடைய காரின் கதவு திறக்கவில்லை. வெந்நீர் ஊற்றித் திறந்தால் சார்ஜ் கால்வாசிதான் இருந்தது. பாதுகாவலர் வண்டிகளுக்கும் அதே கதி. ஊரிலேயே நகரக்கூடிய ஒரே வண்டி பால் சங்கத் தொழுவத்தில் தூங்கி எழுந்த ஆம்புலன்ஸ்தான்.

அமைச்சர் முன்சீட்டில் ஏறினார். பின்னால் சடையன் படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, மூச்சு இரைத்தது.

"அனுமதிக் கடிதம் வரலீங்கய்யா" என்றாள் பவளக்கொடி.

"யாமே அனுமதி. புறப்படு."

பத்து மைல் போவதற்குள் பேரமைச்சரின் பற்கள் தாளம் போட்டன. "ஹீட்டரை இயக்கு" என்றார்.

"அது சட்டவிரோதம்ங்க. போட்டா வண்டியும் போய்ச் சேராதுங்க."

"இது நம் ஆணை!"

அவள் போட்டாள். பத்து மைலுக்கு ஒருமுறை மீட்டர் முள்ளைப் பார்த்தாள். மாதன் தொழுவத்துக்கு வந்தபோது பழைய மைல் கணக்கில் இன்னும் முப்பது பாக்கி. பேட்டரியில் இருபதுக்குத்தான் தெம்பு இருந்தது. வண்டியைத் தொழுவத்துக்குள் விட்டாள்.

மாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "முத்திர இல்லாம நான் வயரத் தொட மாட்டேன் சாமி. இதுங்களப் புடிச்சுட்டுப் போயிட்டா எம் புள்ளைங்களுக்கு நான் என்னத்த ஊத்துவேன்?"

முத்திரை அமைச்சரின் கழுத்துச் சங்கிலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. குத்துவதற்குக் கையிலெடுத்தவர், சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "மார்கழி. ஹீட்டருடன் ஐம்பத்தைந்து. பழைய மைல்" என்று எழுதியிருந்தது.

"இதை முதலில் அழியுங்கள். இவ்விடத்தில் முத்திரை விழுந்தால் இதுவும் உண்மையாகிவிடும். ஒரு முத்திரை நூற்றிருபது என்கிறது. இன்னொன்று ஐம்பத்தைந்து என்றால் அரசின் மானம் என்னாவது?"

"அழிச்சா நாளைக்கு வர்ற டிரைவர் எதப் பாத்துக் கெளம்புவான்? அழிக்க மாட்டேன்யா" என்றாள் பவளக்கொடி.

ஸ்டிரெச்சரிலிருந்து சடையன் கூப்பிட்டார். "ஐயா, கொஞ்சம் இங்க வாங்க. எங் கால அமுக்கிப் பாருங்க. பயப்படாதீங்க, கடிக்காது."

கலிங்கராயர் தயங்கித் தயங்கி விரலால் அமுக்கினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மேலே எழும்பவில்லை.

"வெள்ளிக்கிழம போயிருந்தா எந்திரிச்சிருக்கும்ங்க. உள்ள தண்ணி சேர்ந்துபோச்சு. நெஞ்சுவரைக்கும் வந்துட்டா அப்புறம் எத்தன மைலா இருந்தா எனக்கென்ன?"

அமைச்சர் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்புகளில் அவர் எத்தனையோ உறைபாடிகளைப் பார்த்திருக்கிறார். ஒரு காலைத் தொட்டுப் பார்த்தது அதுவே முதல் தடவை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய், பலகையின் மேலேயே, எழுத்துக்குப் பக்கத்தில், முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

மாதன் வயரைச் செருகினான். ஒன்றரை மணி நேரம் பேரமைச்சர் எருமைகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து ராகிக் கஞ்சி குடித்தார். ஓர் எருமை அவர் சால்வையின் ஓரத்தை மென்றது. அவர் சால்வையைக் கொஞ்சம் தளர்த்திக்கொடுத்தார். பதினொன்றரைக்குத் தலைமேடு போய்ச் சேர்ந்தார்கள். பெருவிழாப் பந்தலைத் தாண்டி வண்டி நேரே ஆஸ்பத்திரிக்குள் போனது. சடையனை மெஷினில் போட்டார்கள். அரைமணி நேரத்தில் அவர் டாக்டரின் கிருதா ஒருபக்கம் ஏறியிருக்கிறது என்று குறை சொல்லத் தொடங்கவே, பவளக்கொடிக்கு உயிர் வந்தது.

முத்திரை விழுந்த எதுவும் தவறாகாதல்லவா? பலகை சட்டமாகிவிட்டது. பலகையில் "பழைய மைல்" என்றிருந்ததால் பழைய மைல் திரும்பி வந்தது. மைல்கற்கள் தத்தம் இடத்துக்குப் போயின. "ஹீட்டருடன்" என்றும் இருந்ததால் ஹீட்டர் குற்றமில்லை என்றானது. சித்திரைக்கு நூற்றிருபது, மார்கழிக்கு ஐம்பத்தைந்து என்று கதவுகளில் இரண்டு எண்களும் வந்தன. தொழுவ சார்ஜர் திட்டம் மன்னரின் தொலைநோக்கில் உதித்தது என்று அரசிதழ் எழுதியது. மலைப்பாதையில் பன்னிரண்டு தொழுவங்களில் மன்னர் படம் மாட்டினார்கள். மக்கள் அதற்கெல்லாம் சண்டைக்குப் போகவில்லை. சார்ஜ் ஏறினால் சரி, படம் யாருடையதாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. மன்னரை எதிர்த்து நின்றவர் வெற்றிவேந்தர். தலைநகரிலிருந்து உறைபாடிக்கு வந்து மேடை ஏறினார். "நான் ஆட்சிக்கு வந்தால், தோழர்களே, உங்கள் வண்டி இருநூறு மைல் ஓடும்! இது சத்தியம்!" என்று முழங்கினார். அவருடன் வந்தவர்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் தட்டவில்லை.

முன்வரிசையிலிருந்து சடையன் எழுந்தார். உடம்பு இளைத்திருந்தது, குரல் இளைக்கவில்லை.

"சந்தோஷம்ங்க. எந்த மாசத்துல?"

வெற்றிவேந்தர் தாளைப் புரட்டினார். அடுத்த தாளையும் புரட்டினார். மேடைக்குப் பின்னால் திரும்பி யாரையோ பார்த்தார். அங்கே இருந்தவர் கையை விரித்தார். கூட்டம் காத்திருந்தது. குளிரில் காத்திருந்து பழகிய கூட்டம். கடைசியில் அவர் மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மேடைக்குரலை விட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்:

"எனக்குத் தெரியலீங்க. மார்கழியில ஒருதடவ ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

இளவெயில் நாட்டின் வரலாற்றில் ஓர் அரசியல்வாதி அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. உறைபாடி மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.