முத்துக்கருப்பன் போட்ட ஓட்டு

"பூட்டனுக்கு மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிடு தம்பி" என்றார் அருள்பாண்டி.

பழங்காநத்தம் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவராகியே தீருவது என்று டைல்ஸ் கடைக்காரர் அருள்பாண்டி கங்கணம் கட்டியிருந்தார். எதிரே யார் நிற்கிறார்கள் என்றுகூட விசாரிக்கவில்லை. "எவன் நின்னா என்ன, டெபாசிட் போகணும்."

பிளெக்ஸ் கடைத் தமிழ்மாறன் மவுஸை நகர்த்தி மீசையை முறுக்கினான். கீழே வாசகம்: 'வெள்ளையர் காலத்திலேயே தில்லி மத்திய சட்டசபைக்கு மதுரைத் தொகுதியில் ஓட்டுப் போட்ட முத்துக்கருப்பனின் கொள்ளுப்பேரன்!'

பேனர் ஏறிய அன்றே, அருள்பாண்டியின் மனைவி, சரித்திர டீச்சர் சத்யப்ரியா உதட்டைப் பிதுக்கினாள்.

"தில்லி சட்டசபைக்கு அப்ப மதுரை தனித் தொகுதி இல்லைங்க. ராமநாதபுரம், திருநெல்வேலி எல்லாம் சேந்து ஒண்ணு."

ஒன்று கேட்ட இடத்தில் மூன்று. அருள்பாண்டிக்கு லாபமாகத்தான் பட்டது. புதுப் பேனரில் மூன்றையும் ஏற்றினார்.

பைப் கடை மலைச்சாமி அதன் அடியில் வந்து நின்றார். அவருடைய பூட்டன், முத்துக்கருப்பன் வயலில் ஏர் ஓட்டியவர்.

"இம்புட்டுப் பெரிய தொகுதியில எங்க பூட்டனுக்கு மட்டும் ஏண்ணே ஓட்டு இல்ல?"

விளக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று அருள்பாண்டி அடுத்த பேனரில் ஒரு வரி சேர்த்தார்: 'நிலமும் வரியும் உள்ளவருக்கே அன்று ஓட்டு.'

சாயங்காலத்துக்குள் பஜாரே அவரவர் பூட்டனின் நிலத்தை அளந்து முடித்தது. பூக்கடைக்காரர் வணக்கம் வைக்கவில்லை. பேன்சி ஸ்டோர்காரர் பார்க்கவே இல்லை.

"பூட்டனைத் தூக்கிரலாமாண்ணே?" என்றான் தமிழ்மாறன்.

"பின்வாங்குற வேலையே கிடையாது. எழுது: 'ஓட்டில்லாத ஏழைகளுக்கும் சேர்த்து ஓட்டளித்த வள்ளல்.'"

தமிழ்மாறன் எழுதினான். சதுர அடிக்குக் காசு வாங்குகிறவனுக்குச் சரித்திரம் நீள நீள நல்லதுதான்.

மலைச்சாமி இந்தத் தடவை கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"எங்க பூட்டனுக்கும் சேத்தாண்ணே போட்டாரு?"

"ஆமா மலைச்சாமி. பெரிய மனசு."

"யாருக்குப் போட்டாரு?"

அருள்பாண்டி அண்ணாந்து பேனரில் விடையைத் தேடினார்.

"சரிண்ணே, வாரேன். கொஞ்சம் வேலை இருக்கு."

அருள்பாண்டி அசரவில்லை. இன்னும் பெரிய பேனராக வைத்துவிடுவோம் என்று சங்க ஆபீஸ் வாசலை அளக்கப் போனார். அங்கே டீ வாங்கிக் கொடுக்கும் இருளாயி கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"உங்க பேனரைப் படிச்சிட்டு மலைச்சாமியண்ணே இப்பத்தான் வந்து மனுப் போட்டுட்டுப் போறாரு. அதுவரைக்கும் நின்னது நீங்க ஒருத்தருதாண்ணே."