ஓய்வுக் குழுவில் என் மனைவி

அறிவியலுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. அறிவியலுக்காகச் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். உயிரைக் கொடுப்பது சுலபம். ஒரு முறை கொடுத்தால் முடிந்தது. சும்மா இருப்பதை மாதக்கணக்கில், அதுவும் கர்ப்பிணி மனைவியின் கண்ணெதிரே செய்ய வேண்டும். அதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளிவிவர அலுவலர். கர்ப்ப காலத்தில் உடற்பயிற்சி செய்தால் உடம்பின் கொழுப்பும் ஹார்மோன்களும் என்ன ஆகின்றன என்று எங்கள் நிலையம் கண்டறியப் புறப்பட்டது. தாய்மார்களை இரண்டாகப் பிரித்தோம். ‘பயிற்சிக் குழு’ நிலையத்துக்கு வந்து, எங்கும் போகாத சைக்கிளை மிதிக்கும். ‘ஓய்வுக் குழு’ எதுவும் செய்யாது. வழக்கமான வாழ்க்கையை அப்படியே தொடர வேண்டும், எள்ளளவும் மாற்றக் கூடாது என்பது அவர்களுக்கான விதி. அந்த விதியை எழுதியவன் நான். இப்போது படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை. என் மனைவிக்கு அப்போது நான்காம் மாதம். அவளையும் சேர்த்துவிட்டேன். எங்கள் இயக்குநர் அம்மா, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று நம்புகிற டாக்டர், அவளை நேர்காணல் செய்தார்.

“உடற்பயிற்சி ஏதாவது பண்றீங்களாம்மா?”

“அதுக்கெல்லாம் எங்க டாக்டர் நேரம்?”

“ஓய்வுக் குழு” என்று அறிவித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று முதல் என் மனைவி அதிகாரபூர்வமாக ஓய்வில் இருந்தாள். விடியற்காலையில் எழுந்து சமைத்து ஓய்வெடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் மாலைவரை நின்றுகொண்டே ஓய்வெடுத்தாள். வீடு மூன்றாம் மாடியில்; லிஃப்ட் கிடையாது. எங்கள் மூத்தவள் குட்டிக்கு மூன்று வயது. படிக்கட்டைக் கண்டதும் அவளுக்குக் கால் வலி வந்துவிடும். அவளை ஒரு தோளிலும் காய்கறிப் பையை மறு கையிலும் சுமந்தபடி என் மனைவி ஏறி வந்து, துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவாள். அங்கே ஓய்வு தொடரும்.

ஏழாம் மாதம் ஒரு மாலை, வாளியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“என்னங்க, இதை மட்டும் மேல கொண்டுபோய் வச்சுட்டு வாங்களேன். மூச்சு வாங்குது. கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுத்தா தேவலை.”

நான் செய்தித்தாளை மடித்துவைத்தேன். இது சாதாரண விஷயம் இல்லை.

“தூக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இதுவரைக்கும் நான் தூக்கியிருக்கேனா?”

“இல்ல.”

“அப்போ இன்னைக்குத் தூக்கினா அது மாற்றம். மாற்றம் வந்தா ஆய்வு கெட்டுப்போயிடும். ஆய்வு கெட்டா கர்ப்பிணிப் பெண்களுக்கே துரோகம்.”

“அந்தப் பெண்கள்ல நான் சேர்த்தி இல்லையா?”

“நீ ஆய்வுக்கு உட்பட்டவ. அது வேற.”

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாம் என்று கைகள் துடித்தன. அடக்கிக்கொண்டேன். செய்தித்தாளில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது.

எட்டாம் மாதப் பரிசோதனை முடிவுகள் வந்தபோது நிலையமே அதிர்ந்தது. இயக்குநர் அம்மா எங்கள் இருவரையும் அழைத்து, கதவைச் சாத்தினார்.

“ஓய்வுக் குழுவுல எல்லாருக்கும் கொழுப்பு கூடியிருக்கு. உங்களுக்கு மட்டும் அளவோட நிக்குது. இன்சுலின், சைக்கிள் மிதிக்கறவங்களைவிட நல்லா இருக்கு. உண்மையைச் சொல்லுங்க. எந்த ஜிம்முக்குப் போறீங்க?”

கட்டிய மனைவி எனக்குத் தெரியாமல் ஜிம்முக்குப் போகிறாளா? என் விதி என்ன ஆவது?

“ஜிம்மா? வீட்டுக்குப் போகவே எனக்கு நேரம் பத்தல டாக்டர்” என்றாள் அவள்.

இயக்குநர் அம்மா நம்பவில்லை. ‘நேரடிக் கள ஆய்வு’ என்று ஆணையிட்டு, மறுநாள் மாலை என் மனைவியின் மணிக்கட்டில் நாடித் துடிப்பு பார்க்கும் பட்டையைக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூட வாசலிலிருந்தே கூட வந்தார். இரண்டாம் மாடியில் அவருக்கே மூச்சு இளைத்தது. நான் முன்னதாகவே வந்து, வழக்கம் எதுவும் மாறிவிடாதபடி நாற்காலியில் அமர்ந்திருந்தேன்.

“இது என்னது?” வாளியைக் காட்டிக் கேட்டார்.

“வீட்டு வேலை மேடம்” என்று நான் விளக்கினேன். “அது உடற்பயிற்சியில சேராது. நம்ம படிவத்துல அதுக்குக் கட்டமே கிடையாது.”

“படிவம் தயார் பண்ணது யாரு?”

“அடியேன்தான்.”

அவர் பட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையிலிருந்து ஊசியை எடுத்தார். “ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஒப்பிட்டுப் பார்க்க உங்க ரத்தமும் வேணும். கையை நீட்டுங்க.” ஆய்வுக்காக ரத்தம் சிந்திய அந்த மாலையை என்னால் மறக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. இயக்குநர் அம்மா எங்கள் இருவரையும் மறுபடி அழைத்தார்.

“இந்தக் கர்ப்பத்துல கொழுப்பு கூடினது உங்களுக்குத்தான் சார்” என்றார். “லெப்டின்னு ஒரு ஹார்மோன். கொழுப்பு சேரச் சேர, ‘போதும்’னு மூளைக்குச் சொல்ற வேலை அதுக்கு. உங்க உடம்புல அது கத்து கத்துன்னு கத்துது. உங்களுக்குத்தான் காது கேக்கல.”

“அதை நானும் கத்திப் பார்த்தாச்சு டாக்டர்” என்றாள் என் மனைவி.

இயக்குநர் அம்மா அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்: “நீங்க மெதுவா நடங்கம்மா, சைக்கிள் மிதிங்க, ரொம்ப நல்லது. பிள்ளை பிறக்கறவரைக்கும் சுமை தூக்கக் கூடாது. மாலையில படுத்துக்கணும். வீட்டுல நீங்க பண்ற அத்தனையையும் நாளையிலருந்து இவர் பண்ணுவார். பண்றாரான்னு பட்டை எனக்குச் சொல்லும்.”

பட்டை என் மணிக்கட்டுக்கு மாறியது.

மறுநாள் மாலை. தோளில் குட்டி, கையில் காய்கறிப் பை; மேலே வீட்டில் அந்த வாளி காத்திருந்தது. முதல் மாடியில் வியர்த்தது. இரண்டாம் மாடி தாண்டியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது; படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே கதவு திறந்திருந்தது. என் மனைவி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருப்பது தெரிந்தது. பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்குச் செய்தி.

“ஏம்ப்பா உக்காந்துட்ட? அம்மா உக்கார மாட்டாளே” என்றாள் குட்டி, தோளிலிருந்து இறங்காமலே.

அறிவியலாளனுக்குப் படிக்கட்டும் ஆய்வுக்கூடம்தான். கைபேசியை எடுத்து, மூச்சு வாங்கியபடியே நிலையத்துக்கு என் பரிந்துரையை அனுப்பினேன்:

“வீட்டு வேலை மிகக் கடுமையான உடற்பயிற்சி என்பதை என் சொந்த உடம்பில் நிரூபித்துவிட்டேன். ஆண்களின் உயிருக்கே இது ஆபத்து. ஆகையால், நிறைமாதக் கர்ப்பிணிகளைத் தவிர வேறு யாரையும் இதைச் செய்ய அனுமதிக்கக் கூடாது.”