வாயைத் திறந்தால் மரம்

"குக்கர் மூடி மாட்டவே மாட்டேங்குது. அம்மாவும் இன்னும் வந்து சேரல. நான் என்ன செய்ய?" என்றான் கணவன் போனில்.

முகாமின் குளியலறைக்குப் பின்னால் இருந்த பாறைமேல் ஏறி ஒற்றைக் காலில் நின்றால்தான் சிக்னல் கிடைத்தது. டோக்கன் அக்கா அப்படியே நின்று, வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "ரப்பர் வளையத்தைப் போட்டீங்களா?"

"அது வேற இருக்கா?"

டோக்கன் அக்கா என்பது பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பதால் வந்த பெயர். நாள் முழுக்க "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லியே தொண்டை தேய்ந்தவள். காட்டுக்குள் பெண்களுக்கு மட்டும் மூன்று நாள் மௌன முகாம், உங்களை நீங்களே கண்டடையுங்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் இடம் பிடித்துவிட்டாள். "அப்ப வீட்டை யார் பாத்துப்பா?" என்று கணவன் குதித்தான். கணவனின் அண்ணன், மூத்தவர் வீட்டில் இருந்த மாமியாரிடம் போய் நின்றாள்.

மாமியார் விளம்பரத்தை நிதானமாகப் படித்தார். "அங்க சமையல் யாரு?"

"அவங்களே செஞ்சு போட்டுடுவாங்க அத்தை."

"பாத்திரம்?"

"அதையும் அவங்களே கழுவிடுவாங்க."

"நீ தைரியமா போ. அன்னைக்குக் காலையிலேயே நானும் கிளம்பிடறேன்" என்றார் மாமியார். இத்தனை சுலபமாக அவர் எதற்கும் சம்மதித்ததில்லை.

முகாமுக்குள் நுழைந்ததுமே எல்லோர் முகத்திலும் களிமண்ணைப் பூசி, தலையில் பச்சைத் துணியைச் சுற்றிவிட்டார்கள். பழைய முகம் மறைய வேண்டுமாம். வாயைத் திறப்பவர் முற்றத்து மரத்தைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். போனை ஒப்படைக்க வேண்டும். டோக்கன் அக்கா ஒன்றை ஒப்படைத்துவிட்டு, இன்னொன்றை சோப்பு டப்பாவில் வைத்திருந்தாள்.

பாறையிலிருந்து இறங்கும்போதே முகாம் தலைவி எதிரில் நின்றாள். மரத்தைக் காட்டினாள்.

கட்டிப்பிடித்துவிட்டு வந்தும் மனம் கேட்கவில்லை. மறுபடி பாறை ஏறி மூத்தவர் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை விடிஞ்சதுமே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்களே!" என்று அலறினாள் ஓரகத்தி. "இன்னுமா வரல? ஐயோ, என்னங்க, அம்மாவைக் காணோமாம்!"

அவ்வளவுதான். மூத்தவர் பஸ் நிலையத்துக்கு ஓடினார். அவர் சொல்லி இளையவனும் தெருவுக்கு ஓடினான். டோக்கன் அக்கா மரத்துக்கு ஓடினாள்.

அடுத்த அழைப்பில் கணவன் அழுதுவிடுவான் போலிருந்தது. "அவசரத்துல கதவைச் சாத்திட்டேன். சாவி உள்ள மாட்டிக்கிச்சு. அடுப்புல குக்கர் கத்துது. எல்லாம் உன்னாலதான்! பொம்பளை வீட்ல இருந்தா இப்படி நடக்குமா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கிசுகிசுப்பு காற்றில் போயிற்று.

"வளையத்தை மாட்டத் தெரியாதது என் தப்பா? பூட்டுக்காரரைக் கூப்பிடுங்க. கதவு திறந்ததும் முதல்ல அடுப்பை அணைங்க. நான் வர்றேன், ஆனா உங்களுக்குச் சமைச்சுப் போட இல்ல. அத்தையைத் தேட வர்றேன். அவங்க கிடைச்ச அடுத்த நிமிஷம் நான் திரும்ப இங்கதான் வருவேன். மூணு நாளும் என்னோடது!"

காடே கேட்டது. களிமண் முகங்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. தலைவி கையை உயர்த்தினாள்.

"இனிமேலும் கட்டிப்பிடிச்சா அந்த மரமே கத்தும்!" என்று சொல்லிவிட்டுப் பையை எடுக்கப் போனாள். கண் கலங்கியது. மாமியார் எந்தத் தெருவில், யாரிடம் வழி கேட்டுக்கொண்டு நிற்கிறாரோ? தன் ஆசைக்காக ஒரு வயதானவளைத் தொலைத்துவிட்டோமே!

பையை யாரோ பிடித்து இழுத்தார்கள். பக்கத்துப் பாய்க்காரி. வந்ததிலிருந்து சாப்பிடுவதும் குறட்டை விடுவதுமாகவே தன்னைக் கண்டடைந்துகொண்டிருந்தவள்.

"விடுங்க, எங்க அத்தையைக் காணோம்."

பாய்க்காரி விடவில்லை. பையை வாங்கிக் கீழே வைத்தாள். நேராக மரத்திடம் போனாள். வாயைத் திறக்கும் முன்பே அதை இறுக்கிக் கட்டிப்பிடித்து, தண்டனையை முதலிலேயே முடித்துக்கொண்டாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா கிடைச்சிட்டாங்க, ஆனா மூணு நாளைக்கு வர மாட்டாங்களாம்னு அவன்கிட்ட சொல்லுடி."